வயலிலிருந்து ரேஷன் கடை வரை: டெல்டா நெல்லின் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். சொந்தமாக ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலமும் உண்டு. எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் "நீடித்த விநியோகச் சங்கிலி", "பிளாக்செயின்" (சரக்கு கை மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் பிறகு மாற்ற முடியாதபடி கணினியில் பதியும் முறை) என்று கேட்பார்கள். பெரியவர்கள் "சாக்கு எப்ப வரும் தம்பி?" என்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்பது கீழே உள்ள பதில்களைப் படித்தால் புரியும்.

நம் நெல்லுக்கு ‘சப்ளை செயின்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

அறுவடை மெஷினின் வாயிலிருந்து ரேஷன் கடைத் தராசு வரைக்கும் நெல் கை மாறுகிற வழி முழுவதையும். மெஷின் கொட்டுகிற நெல் டிராக்டர் டிப்பரில் களத்துக்கோ நேரடியாக அரசின் கொள்முதல் நிலையத்துக்கோ போகிறது. அங்கே தூற்றி, ஈரம் பார்த்து, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து அடுக்குகிறார்கள். அங்கிருந்து லாரியில் குடோனுக்கோ திறந்தவெளிக் கிடங்குக்கோ போகும். பிறகு ஆலைக்கு. ஆலையில் புழுங்கல் அரிசி என்றால் குவிண்டால் நெல்லுக்கு 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பித் தர வேண்டும். அந்த அரிசி மறுபடி குடோன், மறுபடி லாரி, அப்புறம் கடை.

இடையில் ஒரு ரயில் பயணமும் உண்டு. நீடாமங்கலம் ஸ்டேஷனில் நின்று பார்த்திருப்பீர்கள். 42 வேகன் கொண்ட சரக்கு ரயிலில் ஏறத்தாழ 2,000 டன் நெல் ஏற்றி வெளி மாவட்ட ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். லாரிக்கு 10 டன் என்று வைத்தாலும் 200 லாரி ஓட வேண்டிய வேலை அது. டீசல் புகையைக் குறைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் வந்து பார்க்க வேண்டிய இடம் இந்த ஸ்டேஷன்தான். ஆனால் வேகன் வராத வாரத்தில் குடோன் நிரம்பும். குடோன் நிரம்பினால் கொள்முதல் நிலையத்திலிருந்து லாரி நகராது. லாரி நகராவிட்டால் நம் நெல் ரோட்டோரத்தில் கிடக்கும். சங்கிலி என்று பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

இதில் சுற்றுச்சூழல் எங்கே வருகிறது?

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ நெல் விளைவதற்கு மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குப் போகிறது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. அப்படியானால் 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். மேட்டூரிலிருந்து கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, முறை வைத்துக் கடைமடைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் அது. ஒரு சிப்பம் முளைத்துப் போனால் அந்த ஒரு லட்சம் லிட்டரும் போச்சு. அதோடு உரம், டீசல், தேங்கிய தண்ணீரிலிருந்து கிளம்பிய, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு, எல்லாம் வீண். சூரியத் தகடு, மின்சார லாரி எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுத்த நெல்லை அழுக விடாமல் இருப்பதை விடப் பெரிய பசுமைத் தொழில்நுட்பம் டெல்டாவுக்கு இல்லை என்பதுதான் என் கட்சி.

சரி, எந்த இடத்தில்தான் அதிகம் வீணாகிறது?

அறுவடைக்கும் உலர்வுக்கும் நடுவே இருக்கிற சில நாட்களில். குறிப்பாக, மழை தொடங்கும் நேரத்தில் அறுவடைக்கு வரும் குறுவைப் போகத்தில்.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகம் வந்தது. விளைச்சல் நன்றாக இருந்தது, ஆனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுந்தது. ஈர நெல்லை என்ன செய்வது என்று ஆராய்வதற்காகவே 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டி நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்பது அந்த மையம் வளர்ந்து வந்ததுதான். நிறுவனம் வளர்ந்துவிட்டது. அக்டோபர் மாதம் ரோட்டில் நெல் காய்வது மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது கூடுதலாக ஒன்று சேர்ந்திருக்கிறது. முன்பு கையால் அறுத்து, அரியாகப் போட்டு, கட்டு கட்டி, களத்தில் அடித்து, தூற்றி முடிப்பதற்குள் நெல் தானாகவே பாதி காய்ந்துவிடும். ஊர் முழுக்க அறுத்து முடிக்க ஒரு மாதம் ஆகும். இப்போது மெஷின் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறது. நெல் 20, 22 சதவீத ஈரத்தோடு கொட்டுகிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் பத்தே நாளில் அறுபட்டு ஒரே கொள்முதல் நிலைய வாசலில் வந்து நிற்கிறது. அறுவடையை வேகமாக்கினோம், அதற்குப் பின்னால் இருக்கிற எதையும் வேகமாக்கவில்லை. குடத்தைக் கவிழ்த்து புட்டியில் ஊற்றுகிற மாதிரி ஆகிவிட்டது.

17 சதவீத ஈரப்பதம் என்று ஏன் கறாராக நிற்கிறார்கள்?

மத்திய அரசின் தர விதி அது. மத்தியத் தொகுப்புக்காக, அதாவது ரேஷனுக்கென மத்திய அரசு சேர்க்கும் இருப்புக்காக, வாங்கும் நெல்லில் அதுதான் உச்சவரம்பு. விதி சும்மா வந்ததில்லை. ஈர நெல் மூட்டைக்குள் மூச்சு விடும், சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பாகும். நீண்ட நாள் வைக்க 14 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் நல்லது. 17 என்பதே ஒரு சமரசம்தான்.

மழைக் காலத்தில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, தளர்த்தியதும் உண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை, 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பிறகு 20 சதவீதம் வரை அனுமதித்தார்கள். குழு வந்து, மாதிரி எடுத்து, ஆணை வருவதற்குள் நெல்லில் பாதி முளைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

காய வைத்தால் எடை குறைகிறதே, நஷ்டம் யாருக்கு?

நமக்குத்தான். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல் இருந்தால், 17-க்கு இறக்கும்போது 94 கிலோ ஆகிவிடும். 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் ஊக்கத்தொகை சேர்த்து சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. அந்தக் கணக்கில் ஆவியாகப் போன 6 கிலோ தண்ணீரின் மதிப்பு 150 ரூபாய். காய வைக்கும் கூலி தனி. அதனால்தான் ஈரத்தோடு வந்து கேட்கிற வியாபாரியிடம் சிலர் தள்ளிவிடுகிறார்கள். குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு வானம் இருந்த நிலை அப்படி. விலை பேசும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள்: வியாபாரி ‘மூட்டை’ என்பது 60 கிலோ, கொள்முதல் நிலையத்தின் சிப்பம் 40 கிலோ. இரண்டையும் கிலோவுக்கு மாற்றிவிட்டுப் பேசுங்கள்.

வீட்டில் மீட்டர் வைத்தால் 16.5 காட்டுகிறது, நிலையத்தில் 18 காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

எங்கள் அலுவலகத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோபத்தோடு வந்து கேட்பார்கள். மீட்டர் பழுதாக இருக்கலாம், அளவு திருத்தாமல் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு.

மதியம் மூன்று மணி வெயிலில் களத்திலிருந்து ஒரு பிடி அள்ளி மீட்டரில் போடுகிறீர்கள். அந்த நேரத்தில் நெல்லின் மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். மீட்டர் பெரும்பாலும் தோலின் ஈரத்தைத்தான் பார்க்கிறது. இரவு குவித்து வைத்தால் உள் ஈரம் மெல்ல வெளியே வரும், பனியும் சேரும். மறுநாள் காலை அதே நெல் 18 காட்டும். பொய் சொன்னது காலை மீட்டர் இல்லை, மதிய மீட்டர். அதனால் குவித்து மூடி வைத்து, ஆறிய பிறகு காலையில் பாருங்கள். குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுங்கள். மூன்று முறை வைத்துச் சராசரி எடுங்கள்.

எங்கள் அப்பா மீட்டரே பார்க்க மாட்டார். நெல்லை உரித்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். ‘நறுக்’கென்று உடைந்தால் போகலாம், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஒருநாள் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நசுங்கியது என்று அவர் ஒதுக்கியது 19.2 காட்டியது.

உலர்த்தும் இயந்திரம் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

தீராது, ஆனால் இந்தப் பட்டியலிலேயே காசு போட வேண்டிய சாமான் அதுதான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 60 சிப்பம், அதாவது 2.4 டன் என்று வைப்போம். 10 டன் கொள்ளும் உலர்த்தியில் ஒரு தடவைக்கு நாலு ஏக்கர் நெல் போடலாம். மணிக்கு ஏறத்தாழ ஒரு சதவீத ஈரம்தான் இறங்கும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் நெல்லுக்குள் அரிசி வெடித்து, ஆலையில் நொய்யாகக் கொட்டும். 22-லிருந்து 17-க்கு வர, ஏற்றி இறக்குவதையும் சேர்த்து எட்டு மணி நேரம். இரவு பகலாக ஓட்டினால் ஒரு நாளைக்கு 12 ஏக்கர். ஒரு அறுவடை மெஷின் ஒரு நாளில் அறுப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, ஊருக்குள் வருகிற ஒவ்வொரு அறுவடை மெஷினுக்கும் ஓர் உலர்த்தி வேண்டும். எத்தனை ஊரில் அப்படி இருக்கிறது?

இன்னொரு சங்கடம்: உலர்த்திக்கு வேலை இருப்பது குறுவையில் 25, 30 நாள்தான். சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் வரும், பெரும்பாலும் வெயில் அடிக்கும். மீதி நாள் மெஷின் சும்மா நிற்கும், வங்கித் தவணை நிற்காது. தனி ஆள் வாங்குவதற்கு நான் ஆதரவில்லை. உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ வாங்கி, மிச்ச நாளில் உளுந்து, பயறு உலர்த்தினால் ஓரளவு தாங்கும். வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டு வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியமும் உண்டு, அதன் விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், நேரில் போய்க் கேளுங்கள். எரிபொருளுக்கு டீசலை நம்பாதீர்கள். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான், அதை எரித்தே நெல்லைக் காய வைக்கலாம். ஆலைகளில் கொதிகலன் ஓடுவதும் உமியில்தான்.

அதுவரைக்கும் என்ன செய்வது?

படுதா (தார்ப்பாய்). ஆனால் மேலே போடுவது மட்டும் போதாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு குறுவையில் 70 சிப்பத்தை ரோட்டோரம் அடுக்கி நல்ல தடிமனான படுதாவால் மூடி, கயிறு கட்டி, செங்கல் வைத்து, வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தோம். மூன்று நாள் விட்டு விட்டு மழை. நாலாம் நாள் காலை படுதாவைத் தூக்கியபோது முகத்தில் ஆவி அடித்தது. புளித்த கஞ்சி வாடை. மேல் வரிசை பரவாயில்லை. அடி வரிசைச் சாக்கைப் புரட்டினால் சணல் இழை நடுவே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. மேலே ஒரு சொட்டு இறங்கவில்லை, எல்லாம் தரையிலிருந்து ஏறிய ஈரம். கீழே பலகையோ, வைக்கோல் மெத்தையோ, குறைந்தது இன்னொரு படுதாவோ போட்டிருக்க வேண்டும். மழை விட்ட நேரத்தில் திறந்து ஆவியை வெளியே விட்டிருக்கவும் வேண்டும். 11 சிப்பம் மாட்டுக்குப் போனது.

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. நெல் சேமிக்கும் பத்தாயமும் குதிரும் இருந்த வீடுகள் நம் தாத்தா காலம் வரை இருந்தன. நெல்லைத் தரையில் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் மறந்துவிட்டது.

சணல் சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் பை கொடுத்தால் தட்டுப்பாடு தீராதா?

உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987-இல் ஒரு சட்டம் வந்தது. சாக்கு வருவது பெரும்பாலும் மேற்கு வங்காளத்து ஆலைகளிலிருந்து. அங்கே உற்பத்தி தாமதமானால் இங்கே கொள்முதல் நிற்கும். ஒரு சாக்கின் எடை 580 கிராம். அதனால்தான் தராசில் 40 கிலோ 580 கிராம் பிடிக்கிறார்கள், அது நெல்லில் கை வைப்பதில்லை.

சணல் மட்கும், மூச்சு விடும், உயரமாக அடுக்கினாலும் வழுக்காது. பிளாஸ்டிக் பையில் ஈர நெல்லைக் கட்டினால் ஒரே நாளில் வெந்துவிடும். ஆகவே நெல்லுக்குச் சணல்தான் என் ஓட்டு. நன்றாகக் காய்ந்த விதை நெல்லுக்கு மட்டும் காற்றுப் புகாத பை அருமையானது. உள்ளே பிராணவாயு குறைந்து பூச்சி செத்துவிடும், மருந்து வேண்டாம்.

சாக்கே இல்லாமல் மொத்தமாக டிப்பரில் கொண்டுபோய் இரும்புக் குதிரில் கொட்டலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். அதற்கும் முதலில் எல்லா நெல்லும் ஒரே ஈரத்தில் காய்ந்திருக்க வேண்டும். மறுபடி உலர்த்தியில்தான் வந்து நிற்கிறோம். சாக்குத் தூக்கிப் பிழைக்கிற சுமைப்பணியாளர்களுக்கு என்ன வழி என்பதையும் யாராவது சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆன்லைனில் பதிவு செய்து நாள் வாங்குகிறோமே, அதனால் பயன் உண்டா?

உண்டு. சிட்டா, அடங்கல், ஆதார் கொடுத்துப் பதிந்தால், வேறு ஊர் வியாபாரியின் நெல் விவசாயி பெயரில் நுழைவது குறையும். பணமும் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இது நல்ல மாற்றம்.

ஆனால் டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். உழுகிறவர் ஒருவர், பதிவில் இருக்கிற பெயர் இன்னொன்று. குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்தும் வாய்வார்த்தைக் குத்தகை இன்னும் ஓடுகிறது. கணினி சிட்டாவைத்தான் நம்பும், சேற்றில் நிற்கிற காலை நம்பாது. குத்தகைதாரர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்றை அறுவடைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். அறுத்த பிறகு அலைந்தால் நெல் காத்திருக்காது.

இன்னொன்று, ஆப் வரிசையைத்தான் ஒழுங்கு செய்யும். லாரி வராவிட்டால் ஒழுங்கான வரிசையில் நிற்போம், அவ்வளவுதான்.

செறிவூட்டப்பட்ட அரிசிக்கும் கொள்முதல் தாமதத்துக்கும் என்ன சம்பந்தம்?

2025-இல் ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த அரிசி மணிகளைக் கலந்தார்கள். அந்த மணிகள் தரச் சோதனையில் தேறிய பிறகுதான் ஆலை கலந்து அரிசியை ஒப்படைக்க முடிந்தது. 2025 குறுவையில் நெல் தேங்கியதற்கு மாநில அரசு சொன்ன காரணங்களில் இந்த ஒப்புதல் தாமதமும் ஒன்று. ஆலை நின்றால் குடோன் நிற்கும், குடோன் நின்றால் நிலையம் நிற்கும். நூற்றில் ஒரு மணிக்காக மற்ற 99-ம் காத்திருந்த கதை.

பிளாக்செயின், க்யூஆர் கோடு எல்லாம் நமக்கு உதவுமா?

ரேஷன் நெல்லுக்கு உதவாது. குடோனில் பத்து ஊர் நெல் கலந்த பிறகு அது யார் வயல் என்று எந்தக் கோடும் சொல்லாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி விற்கிறவர்களுக்கு உதவும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் பரப்பியதால்தான் இன்று அந்த அரிசிக்குச் சென்னையில் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த விலை கொடுப்பவர் ஆதாரம் கேட்பது நியாயம். ஆனால் கோடு சொல்வது, நாம் தட்டச்சு செய்ததை மட்டுமே. சங்கத்தில் பத்துப் பேர் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பங்கேற்பு உத்தரவாதச் சான்று முறை இருக்கிறதே, அதைத்தான் நான் முதலில் நம்புவேன். கோடு அதற்குப் பிறகு.

மீத்தேனைக் குறைத்தால் கார்பன் காசு தருகிறார்களாமே?

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் நன்றாகக் குறையும், அது உண்மை. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி கட்ட வேண்டும். பம்புசெட் வைத்திருப்பவருக்கு இது எளிது. முறைப் பாசனத்தில் வாய்க்காலை நம்பியிருப்பவர், அடுத்த முறை வருமா என்று தெரியாமல் வயலைக் காய விடுவாரா? நான் விட மாட்டேன். காசு தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, அளப்பது யார், ஏக்கருக்குக் கையில் எவ்வளவு என்று தமிழில் எழுதி வாங்குங்கள்.

வைக்கோலை என்ன செய்வது?

சுருட்டு மெஷின் விட்டு உருளையாக்கி விற்றுவிடுங்கள், வாங்க ஆள் வருகிறது. சம்பாவுக்குப் பின் உளுந்து தெளித்திருந்தால் மட்டும் மெஷின் சக்கரம் முளையை நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு மழை என்கிறார்கள். கதிர் பழுத்துவிட்டது. இன்றைக்கே அறுத்துவிடலாமா?

கூரைக்கு அடியில் வைக்க இடம் இருந்தால் அறுங்கள். இல்லையென்றால், பயிர் நின்றுகொண்டிருக்கும் வரை விட்டுவிடுவது மேல். நிற்கிற கதிர் ஒரு மழையைத் தாங்கும், குவியல் தாங்காது. இன்றைக்கே மண்வெட்டியோடு போய் வடிகாலைத் திறந்துவிடுங்கள். பயிர் ஏற்கனவே படுத்து, கதிர் தண்ணீரில் கிடக்கிறது என்றால் கதை வேறு. சில நாளிலேயே முளைத்துவிடும், தண்ணீரை வடித்துவிட்டு முதலில் அந்த வயலை அறுங்கள். சேற்றில் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டி கேளுங்கள். போன் போடுவதற்கு முன்னால் வீட்டில் சாக்கு எத்தனை, படுதா எத்தனை என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள். அடியில் விரிப்பதற்கும் சேர்த்து.